கடைசிப் பக்கம் பார்ப்பவர்

எண்பதுகளில் தருமபுரிப் பேருந்து நிலையத்தருகே நான் தினமும் போகும் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அங்கிருந்த கதைப் புத்தகங்களில் நான் படிக்காதவை பதினொன்றுதான். சனிக்கிழமைதோறும் இண்டூரிலிருந்து ஒரு சத்துணவு அமைப்பாளர் வருவார். ஒல்லியான பெண், எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார். கதாநாயகன் இரண்டு பெண்களோடும் வாழப்போவதாக முடிந்திருந்தால் திருப்பி வைத்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை கணவரும் உடன் வந்தார். அவரே ஒரு நாவலை உருவி மனைவியிடம் நீட்டினார்.

“இதப் படி. ரெண்டு பொண்டாட்டியும் ஒரே வூட்ல அக்கா தங்கச்சியாட்டம் இருக்காங்க. வைகாசியில நானும் ரெண்டாவது கட்டப் போறேன். மொகத்தத் தூக்கி வெச்சுக்காத.”

அந்தப் பெண் புத்தகத்தை வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

“சார், இங்க எல்லாத்தையும் படிச்சவரு நீங்க. ஒரு பொம்பள ரெண்டு புருசன கட்டி, அவங்க அண்ணன் தம்பியாட்டம் ஒத்துமையா இருக்கற கதை இருக்குங்களா? புராணம் வேணாங்க. இந்தக் காலத்துக் கதை.”

கணவர் கையை ஓங்கிவிட்டார்.

“கதையத்தானுங்க கேட்டேன்,” என்றார் அந்தப் பெண், நகராமல். “கதையிலயே உங்களுக்குப் பொறுக்கலியே.”

ஓங்கிய கை இறங்க நேரமாயிற்று. நான் “இல்லைம்மா” என்று மட்டும் சொன்னேன்.

வைகாசி முழுவதும் சனிக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தேன், அவர் வரவில்லை. ஆனியில் தனியாக வந்தார். ஒரு புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே பையில் வைத்துக்கொண்டு போனார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.