தங்கச்சி பார்த்து வைத்த சைக்கிள்

என் தங்கச்சி எதை வாங்கினாலும் அது அவளுக்குப் பொருந்திவிடும். அதுதான் எனக்குப் பொறுக்காது. சுற்றிவளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, பொறாமை என்றால் பொறாமைதான். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே விலைக்கு இரண்டு பேரும் சாரி எடுத்திருக்கிறோம். அவள் கட்டினால் நாலு பேர் தொட்டுப் பார்த்தார்கள். நான் கட்டினபோது, "இது எப்ப எடுத்த சாரி?" என்று அலுமாரிக்கு அடியில் கிடந்ததை விசாரிப்பதுபோல விசாரித்தார்கள்.

கல்லடியில் நாங்கள் இருவரும் ஒரே வளவில் இருக்கிறோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அவளைக் கலியாணம் கட்டுகிறவர் வந்து குடியேறுவார். மூத்தவள் என்று எனக்குப் பழைய வீடு கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது பிறகு கட்டின, டைல்ஸ் பதித்த வீடு. நடுவில் வேலி இல்லை, கிணறும் ஒன்றுதான். அதனால் வெளியாட்களுக்கு நாங்கள் இரண்டு வீடில்லை, ஒரு வீடு. ஒருத்தியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றவளிடமும் சொன்னமாதிரித்தான். கல்யாண அழைப்புக் காட்கூட எங்களுக்கு ஒன்றுதான் வரும், அதையும் அவள் கையில்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் இரண்டு வீட்டு மோட்டார் சைக்கிளும் மாமரத்தின் கீழே சும்மா நின்றன. எனக்கு டவுனில் ஒரு தையல் கடையில் வேலை, அவளுக்கு ஒரு கந்தோரில் எழுத்து வேலை. இருவரும் வாவிப் பாலத்தால் நடந்துதான் போய்வந்தோம். சைக்கிள் வைத்திருந்தவர்கள் மணியடித்துக்கொண்டு ராசா மாதிரிக் கடந்து போனார்கள். பழைய சைக்கிளுக்குக்கூட அடிபிடி. நான் ஒரு மாதமாகத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்தும் ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு நாள் காலையில் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "அக்கா, தேற்றாத்தீவில ஒரு சைக்கிள் பாத்திட்டன். ஜப்பான் லேடீஸ் சைக்கிள். முன்னால கூடை, கியரும் இரிக்கி. கதைச்சு முடிச்சாச்சு. நாளைக்குப் பின்னேரம் போய் எடுக்கப்போறன்."

"நல்லம்," என்றேன். அந்த ஒரு சொல்லை வாயால் தள்ளி வெளியே விட எனக்கு எவ்வளவு பாடு! பகல் முழுதும் தையல் மெசினை மிதிக்கும்போது அந்தக் கூடைதான் கண்ணுக்குள் நின்றது. நான் பாலத்தில் வேர்த்து விறுவிறுத்து நடக்க, அவள் கூடைக்குள் சோற்றுப் பெட்டியை வைத்துக்கொண்டு, "வாறன் அக்கா" என்று என்னைக் கடந்து போவாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. காலை முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தேற்றாத்தீவுக்குப் போய்விட்டேன்.

சைக்கிள் விற்கிற வீட்டை விசாரித்துப் பிடித்தேன். சைக்கிள்காரி என் வயதுப் பெண். மகள் வெளிநாடு போய்விட்டதால் அவளுடைய சைக்கிளை விற்கிறாள். படலையைத் திறந்துகொண்டே, "ஆரு கா?" என்றாள்.

"சைக்கிள் பாத்திட்டுப் போன பிள்ளையிட அக்கா."

"அதானே, முகம் அச்சொட்டா அப்பிடியே இரிக்கி. அவ பின்னேரம் வாறன் எண்டுதானே சொன்னவ?"

"அவவுக்கு வேலை. அவவுக்காக நான் எடுத்திட்டுப் போறன்."

முதல் வார்த்தை உண்மை, இரண்டாவது பொய். காசை எண்ணி வாங்கிக்கொண்டு, விற்றதற்கு ஒரு துண்டு எழுத அவள் கொப்பி ஒன்றை எடுத்துவந்து, "தங்கச்சிட பேரிலதானே?" என்று கேட்டாள். "எண்ட பேரில எழுதுங்க, ஒரு வீட்டுக்குள்ள ஆருட பேரெண்டா என்ன," என்றேன். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, "சைக்கிளைப் பத்தி ஒண்டும் ஒளிக்காம தங்கச்சிக்கிட்ட எல்லாம் சொல்லிட்டன் கா. பிறகு என்னை ஏசக்கூடாது. அவ சொன்னவதானே?" என்றாள்.

என்ன சொன்னீர்கள் என்று அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். எப்படிக் கேட்பது? கேட்டால் தங்கச்சி அனுப்பி நான் வரவில்லை என்று தெரிந்துவிடும். "ஓம் ஓம், எல்லாம் சொன்னவ," என்று தலையை ஆட்டினேன்.

ஏறப்போகும்போது, "பாரம் ஏத்தாம ஓடுங்க கா," என்றாள். நான் கொஞ்சம் பருத்த உடம்பு. என்னைத்தான் குத்துகிறாள் என்று நினைத்து, "நானே பாரந்தான், என்ன செய்ய!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

ஆகா, என்ன ஓட்டம்! செட்டிபாளையம் தாண்டும்வரை நான் தரையிலேயே இல்லை. அவள் மத்தியானம் கந்தோரில் இருந்து நினைத்துக்கொண்டிருக்கிற சைக்கிளில் நான் போய்க்கொண்டிருக்கிறேன். இதைவிட வேறு என்ன வேண்டும்? கிரான்குளத்தில்தான் பின்பக்கம் தொம், தொம் என்று இடிக்கத் தொடங்கியது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு இடி. ஆரையம்பதிக்கு வர முழுதாகக் காற்றுப் போய்விட்டது.

அங்கே ஒரு சைக்கிள் கடைக்காரர் பின் டயரைக் கழற்றினார். கழற்றியவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "இஞ்ச பாருங்க கா, டயருக்குள்ள டயர்!" டயரில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அது தெரியாமல் இருக்க, வேறொரு பழைய டயரில் வெட்டின துண்டை உள்ளுக்கு வைத்திருந்தார்கள். டியூபில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. "வித்தவங்க இதச் சொல்லல்லையா?"

"சொன்னாளா! கள்ளி, அவ நல்லா இருப்பாளா?" என்று றோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கக் கத்தினேன்.

"டயர் புதுசு போடத்தான் வேணும். ஆனா இது ஜப்பான் சைஸ். இப்ப மட்டக்களப்பு முழுக்கத் தேடினாலும் எடுக்கேலா," என்றார். இன்னொரு ஒட்டைப் போட்டு, அந்தத் துண்டையே திரும்ப உள்ளே வைத்து, டயரை மாட்டிப் பூட்டித் தந்தார்.

நான் வளவுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, தங்கச்சி கந்தோரிலிருந்து வந்து தேற்றாத்தீவுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் சைக்கிளையும் பார்த்தபடி நின்றாள். அவள் வாய் திறக்க முதல் நான் தொடங்கிவிட்டேன். "உனக்கு நல்லதைத்தான் செஞ்சன். அந்தக் கள்ளி உன்னை ஏமாத்தப் பாத்திரிக்கா. டயரைப் பாரு, உள்ளுக்குத் துண்டு வச்சு வித்திரிக்கா!"

"அவ ஏமாத்தல்ல அக்கா," என்றாள். "பின் டயர் வெடிச்சிட்டு, உள்ளுக்குத் துண்டு வச்சிரிக்கி, டியூபும் சரியில்ல எண்டு எல்லாம் கழட்டிக் காட்டித்தான் சொன்னவ. கந்தோரில ஒராளைப் பிடிச்சு டயரும் டியூபும் எடுத்து வச்சிட்டன். அதைப் பூட்டிட்டு ஏறி வரத்தான் இருந்தன்."

அவள் கையில் இருந்த பேப்பர் சுற்றின வளையத்தை அப்போதுதான் பார்த்தேன். அதை விறாந்தை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும்.

அதன்பிறகு டயர் அவள் விறாந்தையில், சைக்கிள் என் விறாந்தையில். இங்கிருந்து பார்த்தால் அது தெரியும், அங்கிருந்து பார்த்தால் இது தெரியும். நான் ஒவ்வொரு நாளும் காற்றடித்துக்கொண்டு புறப்பட்டு, பாலத்தில் உருட்டிக்கொண்டு போனேன். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு, கந்தோர்ப் பெண் ஒருத்தியோடு கதைத்துச் சிரித்தபடி நடந்தாள். சைக்கிள் இருக்கிற நான் நடக்கிறவளைப் பார்த்து எரிந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

"போய்க் கேளன், உண்ட தங்கச்சிதானே," என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க பேசாம இருங்க," என்றேன்.

ஐந்தாம் நாள் டியூப் வெடித்தே போய்விட்டது. இனி ஒட்ட அதில் இடமில்லை. போய் அவள் வாசலில் நின்று, "அந்த டயரைத் தா," என்றேன். ஏதோ நான் கொடுத்து வைத்ததைக் கேட்பதுபோல.

ஆணியிலிருந்து எடுத்தாள். "சைக்கிளைக் கேட்டிருந்தாலும் தந்திருப்பன் அக்கா. நீங்க கேட்டு நான் எதையாவது இல்லையெண்டிரிக்கனா?"

இல்லை. ஒரு நாளும் இல்லை. அதுதான் என் நோவே. கேட்டு வாங்கினால் அது அவள் தந்ததாகிவிடும். எனக்கு அவள் தருவது வேண்டாம், அவளிடமிருந்து எடுக்கத்தான் வேண்டியிருந்தது. அந்த வாசலில் நிற்கும்வரை இது எனக்கே தெரியாது. பிழைதான் தங்கச்சி என்று சொல்ல வாய் வந்தது. "சைஸ் சரியா?" என்றுதான் கேட்டேன்.

அவளே பூட்டினாள். எனக்கு அந்த வேலை தெரியாது. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, இரண்டு கரண்டிக் காம்பால் பழைய டயரை நெம்பி எடுத்து, புதிதைப் போட்டு, காற்றடித்தாள். கையெல்லாம் கறுப்பு. நிமிர்ந்து, "ஒருக்கா ஓடிப் பாக்கட்டா?" என்றாள்.

தலையாட்டினேன். ஒழுங்கையால் வாவிக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். தொம் தொம் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. இரண்டாம் முறையும் திருப்பப் போனாள்.

"காணும் ஓடினது, இறங்கு," என்றேன்.

உடனே இறங்கினாள். ஹாண்டிலில் பட்டிருந்த கறுப்பைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு என் கையில் தந்தாள்.

பெற்றோல் வரிசை எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் கதைக்கிறோம், கறி மாற்றிக்கொள்கிறோம், பார்க்கிறவர்களுக்கு இப்போதும் நாங்கள் ஒரு வீடுதான். ஆனால் அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் ஒருக்காத் தாங்க அக்கா என்று கேட்டதில்லை.