ஏணியின் அடியில்

பள்ளிக்கூடங்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவன். சூரத், குண்டக்கல், நாசிக் என்று சுற்றினேன். ஹோட்டலில் தட்டுக் கழுவினேன், லாரியில் கிளீனராகப் போனேன். முப்பது வயதில் குர்லாவில் ஓடுகிற ரயிலில் ஏறப் போய் விழுந்தேன். இடுப்புக்குக் கீழே அன்றோடு முடிந்தது. சில வருடம் கழித்து, செம்பூர் மைதானம் ஒன்றில் என்னைப் போன்றவர்கள் சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்தேன். ஓரிடத்தில் அடங்காத உடம்பு எனக்கு. சேர்ந்துகொண்டேன். மாநில அணி வரைக்கும் போனேன். மைக்கில் இதைத்தான் சொல்வேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். மேடைக்குப் படி இருக்கும், நாலு பேர் தூக்கி ஏற்றி, சால்வை போர்த்தி, மறுபடி தூக்கி இறக்குவார்கள்.

மாட்டுங்காவில் அப்படி ஒரு விழா முடிந்து ஹால் காலியானபோது, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆயா என்னிடம் வந்தார்.

"தம்பி, எம் மவ ஒருத்தி தாராவியில வீட்டுக்குள்ளயே கெடக்கா. முதுகெலும்புல டிபி. நோவு ஆறிட்டு, காலு வரல. நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசுனா எந்திரிச்சு வெளிய வருவா."

"எந்திரிக்க மாட்டா. வெளிய வேணா வரலாம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். சந்துக்குள் என் நாற்காலி நுழையும், ஆனால் விரல் முட்டிகள் இரண்டு பக்கச் சுவரிலும் உரசும். வீட்டின் கீழ்த்தளத்தைப் பை தைக்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். குடும்பம் மேலே. மேலே போக, சந்திலிருந்து நெட்டுக்குத்தாக ஓர் இரும்பு ஏணி. வேறு வழி கிடையாது. நான் ஏணிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. பத்தொன்பது, இருபது வயது இருக்கும்.

"அம்மா சொன்ன பிளேயர் நீங்கதானா?"

"ஆமா."

"மேல வாங்க, பேசுவோம்."

"இந்த ஏணிலயா?"

"பாத்தீங்களா. ஒங்களாலயே ஏற முடியாதாம், என்னய எறங்கச் சொல்லுததுக்கு வந்துட்டீங்க."

உள்ளே தையல் மெஷின்கள் நின்று சிரிப்புக் கேட்டது. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் கத்தரியோடு வெளியே வந்தார். "நாங்க நாலு பேரு இருக்கோமே, ஒரு நிமிசத்துல தூக்கி எறக்கிருவோம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது.

காரணத்தை அவளுடைய அம்மா பிறகு சொன்னார். ஆஸ்பத்திரிக்கு அப்படித்தான் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு இடத்தில் பிடித்ததில் மூத்திரக் குழாய் பிடுங்கிக்கொண்டு, சந்தே பார்க்க நனைந்துபோனாள். அதற்குப் பிறகு எவன் கையும் தன் மேல் படக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியும் அதோடு நின்றது. தானே இறங்கினால் உண்டு, இல்லையென்றால் அந்த அறைதான்.

அடுத்த வாரம் நாற்காலியைக் கீழே விட்டு, கால் இரண்டையும் பெல்ட்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கையாலேயே ஏறினேன். பந்தாட்டம் கொடுத்த தோள் இருந்தது. முழங்காலில் தோல் உரிந்தது எனக்குத் தெரியவில்லை. மேலே போனதும் அவள்தான் பார்த்துச் சொன்னாள். தகரக் கூரை, அனல், ஒரு கட்டில்.

"ஒங்க வயசுக்கு இது தேவையாண்ணே?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பிறகு, "நா நடப்பனா?" என்றாள்.

"நடக்க மாட்ட."

"அச்சா. இத ஒருத்தராவது சொல்லுதீங்களே. வாரவன் பூரா நடந்துருவ நடந்துருவன்னு டைம்பாஸ் பண்ணிட்டுப் போறான்."

அன்றிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிப் பழகினாள். மழைக்காலம் முழுக்கப் பழகினாள். கை காய்த்தது. மைதானத்தைப் பற்றிக் கேட்பாள். சக்கரம் ஏன் சாய்வாக இருக்கிறது, விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று. யாரும் தூக்க மாட்டார்கள், நாமே எழுந்துகொள்ள வேண்டும் என்றேன். அது அவளுக்குப் பிடித்தது.

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினாள். இடுப்பில் கட்டிய சேலையின் மறுமுனையை அம்மா மேலே நின்று பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கம்பியாக, தொங்கித் தொங்கி. பாதி வருவதற்குள் சந்து நிறைந்துவிட்டது. எல்லார் கையிலும் மொபைல். கடைசிக் கம்பியில் பிடி நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். துணி விலகியிருந்தது, கீழே நனைந்திருந்தது. ஜனங்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நான் எல்லாரையும் போகச் சொல்லிக் கத்தினேன். அதுவும் அந்த வீடியோவில் இருக்கிறது, அவள் திரும்பக் கையாலேயே மேலே ஏறிப் போனதும்.

பாட்டுச் சேர்த்து, தன்னம்பிக்கை பற்றி ஒரு வரி எழுதி, யாரோ சுற்றுக்கு விட்டிருந்தார்கள். எனக்கு அது மாட்டுங்கா பள்ளிக்கூட டீச்சர் ஒருவரிடமிருந்து வந்தது. 'சார், அடுத்த விழாவுக்கு இந்தப் பெண்ணையும் அழைத்து வர முடியுமா?' என்று கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை.

நான் மேலே ஏறிப் போனபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "ரோட்டுக்குப் போவணும்னுதான் எறங்குனேன். இவனுகளுக்குப் படம் காட்டவா எறங்குனேன்?" என்றாள். அப்புறம் பல வாரம் பேச்சே இல்லை. ஏறுவேன், உட்கார்ந்திருப்பேன், இறங்குவேன்.

தை பிறந்த சமயம் அவளாகவே சொன்னாள். "அண்ணே, வெடிய தண்ணி வார நேரத்துல எறங்குதேன். அப்ப பொணமே போனாலும் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

அணியின் வேனை மெயின் ரோட்டில் நிறுத்தினோம். அதில் அவளுக்கென்று ஒரு நாற்காலி வைத்திருந்தோம். அவள் சொன்னது சரிதான். இறங்கினாள், ஒருவரும் பார்க்கவில்லை. நான் சந்து முனையிலிருந்து பார்த்தேன். ஆனால் உள்ளே போக முடியவில்லை. வாசலுக்கு வாசல் டிரம், குடம், மோட்டார், குறுக்கும் நெடுக்கும் பைப். ஒரு பைப்பில் சக்கரத்தை ஏற்றினேன். "ஏய், கண்ணு தெரியலியா? பைப்பு கிழிஞ்சா நீயா வாங்கித் தருவ?" என்று ஒரு கிழவர் கத்தினார். எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து வீடுதான். சந்து காலியாக வேண்டுமென்றால் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் நின்றால் எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்கள். இதை நாங்கள் இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை.

அவள் ஏணியில் முதுகைச் சாய்த்து ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி குனிந்த தலை நிமிராமல், "சும்மாதான இருக்க, இதக் கொஞ்சம் புடி" என்று பைப்பை அவள் கையில் திணித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் பிடித்தாள். ஒரு டிரம் நிரம்பியதும் அடுத்த டிரம்முக்கு மாற்றினாள். வேறொருத்தியும் தன் பைப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. தண்ணீர் குறைந்து பைப் சீறத் தொடங்கியதும் அதைக் கீழே போட்டுவிட்டு ஏணியைப் பிடித்தாள். ஜனங்கள் நிமிரும்போது மேலே போய்விட்டிருந்தாள்.

காலி நாற்காலியோடு வேன் செம்பூருக்குத் திரும்பியது. அன்று ஓர் ஆள் குறைவாக ஆடினோம்.

போன மாதம் மாட்டுங்காவில் இன்னொரு விழாவுக்குப் போனபோது அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். தினமும் தண்ணீர் நேரத்தில் இறங்குகிறாளாம். மூன்று வீட்டுக்குப் பிடித்துக் கொடுக்கிறாளாம்.

"கிரவுண்டுக்கு எப்ப வாராளாம்?" என்றேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "அந்தப் பேச்செடுத்தா அன்னிக்குப் பூரா சாப்புட மாட்டேங்கா. நீங்க கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராம இருங்க தம்பி."

சரி என்றேன். மேடைக்குத் தூக்கிப் போக நாலு பேர் வந்து நின்றார்கள்.