நாலாவது தகட்டின் சத்தம்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் காற்று மேற்கிலிருந்து வரும். கடல் அந்தப் பக்கம். இடையில் அதைத் தடுக்க ஒரு குன்றுகூட இல்லை. இதை முதலில் எழுதக் காரணம், நான் செய்த முதல் இலக்குத் தகடு துவக்குச் சூட்டுக்கு விழவில்லை, காற்றுக்கு விழுந்தது என்பதுதான்.

அப்போது நகரின் ஓரத்தில் ஒரு சிறிய இரும்புப் பட்டறையில் வேலை செய்தேன். ஊரில் ஆலையொன்றில் பிட்டராக இருந்தவன் என்பதால் வேலை கிடைப்பது எனக்குச் சற்றுச் சுலபமாக இருந்தது. பட்டறைக்காரரை எல்லோரும் மேஸ்டர் என்றே கூப்பிடுவோம். பருத்த மனிதர், அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடும் சங்கத்துக்குப் போவார். எங்கள் பக்கத்தில் ஊருக்கொரு வாசிகசாலை இருந்ததுபோல டென்மார்க்கில் ஊருக்கொரு சுடும் சங்கம் உண்டு. ஓய்வுபெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள், தபால்காரர் எல்லோரும் வந்து ரவை என்ற சின்னத் தோட்டா போடும் துவக்கால் கடதாசி வட்டத்தில் ஓட்டை போட்டு, கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் சங்கத்துக்கு, பட்டால் விழுகிற இரும்பு இலக்குகள் வேண்டுமென்று ஆசை வந்தது. கடதாசியில் சுட்டால் பட்டதா இல்லையா என்று நடந்துபோய்ப் பார்க்கவேண்டும். இரும்பு அந்த நொடியிலேயே சொல்லிவிடும். மேஸ்டர் அந்த வேலையை என்னிடம் தந்தார்.

என் மனைவியும் மகளும் போர் நடந்த யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களை அழைப்பதற்கான விண்ணப்பம் கோப்பன்ஹேகனில் அரசாங்க அலுவலகத்தில் இருந்தது. எனக்கு மட்டுமல்ல, இங்கு வந்த தமிழர்களில் யாருக்குமே பதில் வரவில்லை. வேலையால் வந்ததும் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பேன். பிறகு சப்பாத்தைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் குசினியில் அடுப்பருகே நிற்பேன். ஆகையால் தகட்டு வேலை கிடைத்தது நல்லதாயிற்று. யோசிக்க ஏதோ ஒன்று இருந்தது.

சாதாரண இரும்பு இதற்கு ஆகாது. ரவை பட்ட இடத்தில் குழி விழும். குழியில் அடுத்த ரவை பட்டால் ஈயம் சிதறிச் சுட்டவர் பக்கமே திரும்பி வரும். வயல் இயந்திரங்களின் மண்வாளிகளுக்கு அடியில் வைக்கும் கடின உருக்குத் துண்டுகள் பட்டறையில் கிடந்தன. அதில் உள்ளங்கை அகலத்தில் ஐந்து வட்டங்களை வெட்டினேன். வெல்டிங் சூடு பட்டால் கடினம் போய்விடும் என்பதால், ரவை எட்டாத கீழ் விளிம்பில் மட்டும், ஈரத்துணி சுற்றி, தகடு மடங்கி விழுவதற்கான பிணைச்சலை ஒட்டினேன்.

முற்றத்தில் நிறுத்திவைத்த முதல் தகடு, நான் திரும்பி உள்ளே வருவதற்குள் மல்லாந்துவிட்டது. காற்று. முன்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். காற்றுக்கு நின்றது. மேஸ்டர் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார். ரவைக்கும் அசையாமல் நின்றது.

"நீ சுவர் கட்டியிருக்கிறாய்" என்றார்.

நான் துவக்கைத் தொட விரும்பவில்லை. அதனால் வேறு வழி பார்த்தேன். கம்பியில் தொங்கவிட்ட ஒரு தகட்டில் மேஸ்டரைச் சுடச் சொல்லி, அது எவ்வளவு தூரம் பின்னால் ஆடியது என்று குறித்துவரச் சொன்னேன். பிறகு பட்டறையில் ஒரு பெயரிங் குண்டை நூலில் கட்டி, அதே தகட்டை அதே தூரம் ஆட்டுவதற்கு அதை எந்த உயரத்திலிருந்து விடவேண்டும் என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து அந்தக் குண்டுதான் என் துவக்கு. ஒவ்வொரு தகட்டின் பின்னாலும் சாய்வை மாற்ற ஒரு திருகாணி வைத்தேன். குண்டு தட்டினால் விழவேண்டும், முற்றத்தில் பெருங்காற்றிலும் நிற்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே திருகாணியின் கால் சுற்று அளவுதான் இடம் இருந்தது. அந்த வாரங்களின் நாட்குறிப்பில் காற்றையும் திருகாணியையும் தவிர வேறொன்றும் இல்லை.

வசந்தம் வந்ததும் தகடுகளைத் தாங்கும் சட்டத்தைச் சங்கத்தின் சுடும் திடலில் பூட்டினார்கள். வரும் ஞாயிறு திறப்பு, நீதான் முதலில் சுடவேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருவார்கள் என்றார் மேஸ்டர். சரி என்றேன். இந்த நாட்டில் ஒருவர் என்னை ஒரு இடத்துக்கு வா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. நல்ல சேர்ட்டொன்றை ஸ்திரிக்கை போட்டுக் கதிரையில் தொங்கவிட்டேன்.

என்னோடு அறையைப் பகிர்ந்த மன்னார்த் தம்பி அதைக் கண்டார். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, என்னைவிட இளையவர், எதற்கும் பகிடி விடுகிறவர்.

"என்ன அண்ணை, பொம்பிளை பாக்கவோ போறியள்?"

சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அண்ணைக்கு விசரே? துவக்கோட நிக்கிற படம் பேப்பரில வந்தால் என்ன நடக்கும்? அவங்கள் அதை வெட்டி உங்கட பைலுக்குள்ள வைப்பாங்கள். பேந்து அக்காவும் பிள்ளையும் அங்கையே கிடக்க வேண்டியதுதான்."

"அது சின்னப் பிள்ளையளும் சுடுற துவக்கடா தம்பி."

"அவங்கட பிள்ளையள் சுட்டா விளையாட்டு. நீங்கள் சுட்டா?"

"நான் சுடேல்ல. சும்மா நிண்டிட்டு வாறன்."

"நிக்கவும் வேண்டாம் அண்ணை. நல்லதுக்குச் சொல்லுறன். எங்கடை ஆக்களின்ர பைலை ஒவ்வொரு தாளாப் பிரட்டிக்கொண்டு இருப்பாங்கள் இப்ப."

அவர் சொன்னதில் பிழை காண என்னால் முடியவில்லை. கோப்பன்ஹேகனில் ஒரு மேசை, அதில் என் பைல், அதன்மேல் குனிந்த ஒரு கண்ணாடிக்காரர் என்று நானும் நினைத்திருந்தேன். அந்தக் கண்ணாடிக்காரருக்காக எத்தனையோ காரியங்களில் ஒழுங்காக இருந்தேன். பச்சை விளக்கு வரும்வரை ஆளில்லாத தெருவிலும் சைக்கிளோடு நின்றேன்.

ஞாயிறு போகவில்லை. தடிமன், மூக்கடைப்பு என்று திங்கள் சொன்னேன். மேஸ்டர் கடதாசித் துவாயில் சுற்றிய ஒரு கேக் துண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் வா என்றார். அடுத்ததும். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஆனால் ஞாயிறு முழுக்க அறைக்குள் இருக்கவும் முடியவில்லை. திடலுக்குப் பின்னால் பைன் மரத் தோட்டம், அதற்கப்பால் ஒரு சைக்கிள் பாதை. அங்கே நின்றால் ஒன்றும் தெரியாது. கேட்கும். முதலில் வெடி, ஈரக் கொப்பு முறிகிற மாதிரி. அதன் பின்னால் தகடு, ணங் என்று. ணங் கேட்காவிட்டால் குறி தப்பிவிட்டது. சில நேரம் மரத்துக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். நான் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பேன். யாராவது நாயோடு வந்தால் குனிந்து சங்கிலியைச் சரிபார்ப்பதுபோலப் பாவனை செய்வேன். ஐந்து தகடுகளும் ஒரே துண்டிலிருந்து வெட்டியவைதான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். சில மாதங்களில் எனக்கு ஐந்தும் பிரித்துத் தெரிந்தன.

மழைக்கால ஞாயிறொன்றில் நாலாவது தகடு கரகரத்தது. மறுநாள் காலை என்னை அறியாமலே மேஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

"நாலாவது தகட்டின் திருகாணி தளர்ந்திருக்கிறது. இறுக்கவேண்டும்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ ஒருநாளும் வந்ததில்லையே."

நான் குனிந்து வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கினேன். அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். பைன் தோட்டத்துக்கு அப்பாலுள்ள பாதை அவருக்குத் தெரியும்.

"வாசல் கதவுக்குப் பூட்டு இல்லை" என்று மட்டும் சொன்னார்.

ஆனாலும் நான் போகவில்லை. மகளுக்கு முன்பல் விழுந்து முளைத்துவிட்டது என்று மனைவி எழுதியிருந்தாள். ஒரு வாசலுக்குள் நுழைந்து அவர்கள் வருவதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன்.

அடுத்த வருடத்தில் ஒரு காலை, தேநீர் இடைவேளையில் மேஸ்டர் பத்திரிகையை விரித்து என் பக்கம் திருப்பிவைத்தார். எனக்கு அந்த டேனிஷ் கடினமாக இருந்தது. அவர் விரலை வைத்து மெல்ல வாசித்தார். தமிழர்களின் குடும்பங்களை அழைக்கும் விண்ணப்பங்களை மேலிடத்துச் சொல்லின்படி பார்க்காமலே ஒதுக்கிவைத்திருந்தார்கள். சட்டப்படி உரிமை இருந்தும், மாதக்கணக்கில், வேண்டுமென்றே.

"உன்னுடையதும் இதற்குள்தானா?"

"இருக்கும்."

"பார்க்கவே இல்லையாம்" என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. பத்திரிகையை மடிக்கத் தெரியாதவர்போல மடித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை; அது பிறகு வந்தது. அந்த நேரம் கண்ணாடிக்காரரின் நினைவுதான் வந்தது. அந்த மேசையில் யாரும் இருக்கவில்லை. நான் மழையில் நின்ற ஞாயிறுகளில், என்னைப் பார்த்துவிடுவார்கள் என்று நான் ஒளிந்த அத்தனை ஞாயிறுகளிலும், என்னை ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இரவு தம்பிக்குச் சொன்னேன். அவருக்குத் தொழிற்சாலையிலேயே தெரிந்திருந்தது.

"அண்ணை, நான் நல்லதுக்குத்தான்..."

"ஓம் தம்பி, தெரியும்."

"பைலைத் திறக்கவே இல்லையாம். நாங்கள் என்னத்துக்கு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அன்று அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. இருவருக்கும் அவரே சோறு போட்டார்.

அந்த ஞாயிறு திருகாணி முடுக்கும் சாவியொன்றை எடுத்துக்கொண்டு வாசலால் உள்ளே போனேன். எல்லோரும் எழுந்து கைகொடுத்தார்கள். பத்திரிகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, ஆனால் எல்லோரும் அதை வாசித்திருந்தது கோப்பி ஊற்றிய விதத்தில் தெரிந்தது. துவக்கை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். சுடுவது நின்றதும் நடந்துபோய், இன்னும் யாரும் தொடாமலிருந்த நாலாவது தகட்டின் திருகாணியை இறுக்கினேன். திரும்பிவந்து, விழுந்த தகடுகளை நிமிர்த்தும் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேஸ்டர் ஒரு காதுக்கவசத்தைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டினார். அங்கே அது கட்டாயம்.

வெடி தொடங்கியது. தகடுகள் ஒவ்வொன்றாக விழுவதைக் கண்டேன். சத்தம் வரவில்லை; தலையணைக்கு அடியில் வைத்த மணிக்கூட்டைப்போல ஏதோ மந்தமாகத் தட்டியது. அங்கே இருந்த எல்லோருக்கும் எப்போதும் அவ்வளவுதான் கேட்டிருக்கிறது. நான் கயிற்றை இழுத்தேன், தகடுகள் எழுந்தன. மீண்டும் விழுந்தன.

அதன்பிறகும் காத்திருந்துதான் அனுமதி வந்தது. விமானநிலையத்தில் மகள் என்னை மாமா என்று கூப்பிட்டாள், தாய் திருத்தினாள். ஒரு ஞாயிறு மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட, மனைவியை அந்தப் பாதைக்குக் கூட்டிப்போனேன். வெடிச் சத்தம் வரும் என்று முன்பே சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஆனாலும் முதல் வெடிக்கு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"பயப்பிடாதையும். அதுக்குப் பிறகு வாறதைக் கேளும்."

ணங்.

"இதையோ நீங்கள் செய்தனீங்கள்?"

"ஓம்."

அவள் கையை விடவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் விரல்கள் இறுகின. தகட்டுச் சத்தத்துக்கு அவை தளரவில்லை.

"இஞ்சையோ வந்து நிக்கிறனீங்கள்?"

"ஓம்."

"தனியவோ?"

நான் சைக்கிளைத் திருப்பினேன். மரங்களின் ஓரமாக நடந்தோம். பின்னால் நாலாவது தகடு விழுந்தது, சுத்தமான குரலில். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

"மகள் தேடப்போறாள்" என்று சொல்லிவிட்டு, அவள் கொஞ்சம் வேகமாக நடந்தாள்.