அசையாமல் பிடித்த பலகை

சடையா! அண்ணே! பேர் சொல்லிக் கூப்பிட்டால் அடிக்க வருவாயே, இப்போது கூப்பிடுகிறேன், வரமாட்டேன் என்கிறாய்.

உலக யுத்தம் நடந்த வருஷம் அது. குன்னத்துப் பக்கம் நாங்கள் கூலிக்குப் போகும் பருத்திக் காட்டில் சினிமா பிடிக்க வந்தார்கள். காமிரா வண்டி ஓடத் தண்டவாளம் போட்டார்கள். கரிசல் மண் வெடித்துக் கிடந்ததால் அது ஒரு பக்கம் சாய்ந்தது. ஆப்பு வைத்தும் நிற்கவில்லை. அண்ணன் குப்புறப் படுத்து, வெடிப்புக்குள் கையை விட்டு, தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பலகையைத் தாங்கிக்கொண்டான்.

"நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. சத்தமும் கூடாது" என்றார் காமிராக்காரர்.

"சரிங்கய்யா" என்றவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏ புள்ள, சினிமாவே எங்கையிலதான் ஓடுது, பாத்துக்க!"

வண்டி மெல்ல அவனைத் தாண்டியது. அவன் முகம் சுருங்கியது. பாரம் என்று நினைத்தேன். வண்டி நின்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் கையை வெளியே எடுத்தான்.

"ஐயா, பாம்பு கடிச்சிருச்சுங்க. பலகை ஆடலைங்களே?"

காரில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. காமிராக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கத்தியிருக்கலாமேப்பா! யுத்தத்துல பிலிம் கெடைக்காத காலம்னு வெறும் காமிராவ வெச்சு ஒத்திகைதானே பாத்தோம்!"

எனக்கு அழுகைகூட வரவில்லை. சொன்னதைச் செய்யத்தான் எங்கள் வீட்டில் பழக்கியிருந்தார்கள். வலித்தால் கத்தலாம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் உங்கள் சாமியிடம் என் அண்ணன் சடையனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.