வெற்று வானத்தின் துடிப்பு

ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாள். அதற்கு மேல் அவகாசம் கிடையாது என்று பல்கலைக்கழகம் கடிதமே அனுப்பிவிட்டது. என் ஐந்து வருட உழைப்பும் ஒரே விஷயத்தில் நின்றது: வியாழன் கோளின் வடதுருவ ஒளியிலிருந்து வரும் எக்ஸ்ரே, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பைக் கண்டுபிடித்தவள் நான்.

வியாழனைச் சுற்றும் நிலவொன்றின் எரிமலைகள் கக்கும் அணுக்கள், கோளின் காந்தப்புலத்தில் மாட்டி, துருவத்தில் வந்து மோதுகின்றன. மோதும் வேகத்தில் எக்ஸ்ரே கிளம்புகிறது. விண்வெளித் தொலைநோக்கி அதைப் பதிவு செய்து கொடுக்கும்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம், துடிப்பு வியாழனில் மட்டும்தான் என்று தேர்வாளர் கேட்டால் காட்டலாமே என்று, கோளுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத வானத்தில் ஒரு துண்டை எடுத்து அதே கணக்கை ஓட்டினேன். அதுவும் துடித்தது. அதே பன்னிரண்டு நிமிடம்.

கருவியில் ஒரே இடம் தேய்ந்துவிடாதபடி அந்தத் தொலைநோக்கியை வேண்டுமென்றே லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆட ஆட, பதிவாகும் ஒளியும் கூடிக் குறையும்; அந்த ஆட்டத்துக்கும் பன்னிரண்டு நிமிடம்தான். முதல் வருட நோட்டில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், சிவப்பில் அடிக்கோடு வேறு. என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

பேராசிரியரிடம் காட்டினேன்.

"வெறும் வானத்தப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க லா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆத்திரம் வந்தது. ஆனால் ஒரு நொடி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொள்ளலாமா என்று எனக்கும் தோன்றியது. அதுதான் கேவலமாக இருந்தது.

அம்மா வியாழன்தோறும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கு வருவார், என் ஆய்வு நல்லபடி முடியவேண்டும் என்று குருபகவானுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்த. ஐந்து வருடமாக ஒரு வாரம் தவறியதில்லை. மழையில் நனைந்துகொண்டே அங்கே போனேன். நவக்கிரகம் சுற்றி முடித்து வந்தவரிடம் சொல்லிவிட்டேன்.

"வியாழன் துடிக்கலம்மா. டெலஸ்கோப்புதான் ஆடியிருக்கு. நான் தப்பா பார்த்துட்டேன். எழுதுன எல்லாத்தையும் எடுத்துடணும்."

பையில் கைவிட்டு எனக்குக் கடலை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப அஞ்சு வருஷமா நீ எதைம்மா பார்த்துக்கிட்டு இருந்த?"