மழைக்கஞ்சி

வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் மாதம் நமக்கு மழை தரும் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் அச்சடித்திருந்தார்கள். வானம் அந்தப் புத்தகத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. நான் நான்காம் வகுப்பில் இருந்த அந்த வருடம், அது எண்பதுகளின் தொடக்கம், புரட்டாசி முழுக்கச் சித்திரை வெயில் அடித்தது. ஐப்பசி பிறந்த பிறகும் மேகம் கூடுவதும் கலைவதுமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பரீட்சையில் நான் புத்தகத்தில் இருந்ததையே எழுதி முழு மார்க் வாங்கினேன்.

ஆர்.எஸ். மங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊர். அங்கே மழை பெய்த பிறகு விதைக்கிற வழக்கம் கிடையாது. காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மழை வந்தால் முளைக்கும். பிந்தினால் எறும்புக்கும் குருவிக்கும் சாப்பாடு. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். வீட்டிலிருந்த விதைநெல் மொத்தத்தையும் அய்யா விதைத்து முடித்திருந்தார். மறுபடி விதைக்க எங்களிடம் ஒரு மணி நெல் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. உப்பூருக்குத் தெற்கே கடலோரத்தில் உப்பளம் வைத்திருந்தார். உப்புக் குவியலை மழைக்கு முன்னால் மூடிவைக்க, வருடா வருடம் எங்கள் ஊருக்கு வந்து பனையோலை வெட்டிக்கொண்டு போவார். வரும்போது ஒரு பை உப்பு கொண்டுவருவார். ஒவ்வொரு கல்லும் புளியங்கொட்டைப் பருமன் இருக்கும். அந்த உப்பு ஊரில் எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் கிடையாது. அந்த வருடம் மற்றவர்கள் அளத்தை மூடிய பிறகும், மழைதான் இல்லையே என்று மாமா துணிந்து இன்னொரு முறை பாத்திகளில் தண்ணீர் கட்டியிருந்தார். அந்த உப்பை நம்பித்தான் தை மாதம் சித்திக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

சாப்பிடும்போது மாமா அம்மாவிடம் சொன்னார்: "இன்னும் ஒரு வாரம் வெயிலு காஞ்சாப் போதும்க்கா. வாரி எடுத்துருவேன்."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் அய்யா உட்கார்ந்திருப்பது அவருக்கு உறைத்தது. அய்யா இன்னும் கொஞ்சம் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு தானே போய் மாமாவுக்கு ஓலை வெட்டிக் கட்டிக் கொடுத்தார். புறப்படுமுன் இருவரும் வாசலில் நின்று ஒரே வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நான் யார் பக்கம் சேர்ந்து பார்ப்பது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஊரில் மழைக்கஞ்சி எடுத்தார்கள். பெண்கள் வீடு வீடாகப் போய்க் கஞ்சி பிச்சை வாங்கி, ஒரே பானையில் ஊற்றி, கண்மாய்க்கரையில் வைத்து முதலில் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். பிறகு, பிழைக்க வழியில்லை, ஊரைவிட்டே போகிறோம் என்று கூடி ஒப்பாரி வைப்பார்கள். வானம் மனம் இரங்கிவிடும். ஒரே ஒரு கட்டுப்பாடு, கஞ்சியில் உப்பு விழக்கூடாது. விழுந்தால் மழை வராது. இதற்கெல்லாம் அதிகாரி எங்கள் பெரியம்மா, அய்யாவின் அண்ணன் மனைவி. ஒவ்வொரு வீட்டுக் கஞ்சியையும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பானையில் ஊற்றவிட்டார்.

கஞ்சி ஊற்றும் வேலை அம்மாவுக்கு. அகப்பையை எடுக்குமுன் அம்மா முந்தி முடிச்சை அவிழ்த்ததைப் பார்த்தேன். வெற்றிலை எடுக்கிறாள் என்று நினைத்தேன். வரிசையில் நான்தான் முதலில் நின்றேன் என்பதால் முதல் பனையோலைப் பட்டைக் கஞ்சி என் கைக்கு வந்தது. இரண்டாவது வாயில் என் பல்லில் ஏதோ நறுக்கென்றது.

"அம்மா, கஞ்சி உப்பா இருக்கு."

அம்மாவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். பெரியம்மா வந்து என் பட்டையை வாங்கி ஒரு வாய் குடித்தார். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பட்டையில் இருந்ததை அடிவரை மடக் மடக்கென்று குடித்து முடித்தார்.

"புள்ள அழுதுருக்கா. கண்ணீரு விழுந்துருக்கு. வேறொண்ணுமில்ல" என்றார்.

நான் அழவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், மற்ற பிள்ளைகள் இன்னும் கஞ்சி குடிக்காமல் நிற்கும்போதே, பெரியம்மா மாரில் அடித்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில், எதற்கென்று தெரியாமல் நானும் அழுதேன்.

அந்த வாரம் முடியுமுன்னே மழை வந்துவிட்டது. தெருவே வெளியில் நின்று நனைந்தது. அய்யா ஓடி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வயலுக்கு ஓடினார். அம்மா மட்டும் கூரை இறவாரத்துக்குள்ளேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"கெழக்கேயும் பெய்யுதா?"

அய்யாவின் ஓட்டம் நின்றது. "கெழக்கேருந்துதான் வருது" என்றார். மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, "விடிஞ்சதும் போயி ஒந்தம்பியப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

அதன் பிறகுதான் அம்மா மழைக்குள் இறங்கினாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒன்று சிரிக்கட்டும், இல்லையென்றால் அழட்டும்.

எங்கள் நெல் முளைத்தது. மாமாவின் பாத்தி உப்பு முழுக்கக் கரைந்துபோனது. சித்தியின் கல்யாணம் தள்ளிப்போனது. கார்த்திகையில் மாமா எங்கள் வயலுக்கே களையெடுக்க வந்தார். அம்மா அவர் பக்கத்திலேயே குனிந்து களை பறித்தாள்.

அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்பது வளர வளர எனக்குப் புரிந்துவிட்டது. மழையே வேண்டாம் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். தம்பிக்காக வானத்தை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். பெரியம்மாதான் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அவர் வீட்டு விதைநெல்லும் அதே புழுதிக்குள்தான் கிடந்தது. உப்பு விழுந்தால் மழை வராது என்று ஊரில் மற்ற யாரையும்விட உறுதியாக நம்பியவர் அவர். அப்படிப்பட்டவர் அன்றைக்கு அதைத் துப்பாமல் விழுங்கினார்.