மோனிகாவின் ஓட்டு

நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஜெர்மானிய முதியோர் இல்லத்தில், இடைவேளை மேசையில் பேசாத விஷயமே கிடையாது. வளர்ப்பு நாயின் வயிற்றுப்போக்கு, விவாகரத்தான கணவனின் புதுக் காதலி, மூலத்துக்குப் போட்ட மருந்து, எதற்கும் கூச்சமில்லை. அந்தத் தைரியத்தில்தான், தேர்தல் நெருங்கிய ஒரு காலையில், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே என்னோடு வேலை பார்க்கும் மோனிகாவிடம் கேட்டேன்: “ஓட்டு யாருக்கு, மோனிகா?” ஒருத்தி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அடடா, அப்படி என்னதான் கேட்டுவிட்டேன்?

எங்கள் ஊர் மரக்காணத்தில் இதைக் கேட்கவே வேண்டாம், அவர்களே சொல்லிவிடுவார்கள். அம்மா உப்பளத்தில் கூடை சுமந்தவள். பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் கரைமேட்டில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஈர உப்புக் கூடையைத் தன் தலைக்குத் தானே ஏற்ற முடியாது, எதிரே ஒருத்தி நின்று தூக்கிவிட வேண்டும். அம்மாவுக்குத் தூக்கிவிட்டவள் குப்பம்மா அத்தை. அம்மா மாதா கோயில், அத்தை மாரியாத்தா கோயில். அதில் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. ஆனால் அம்மா ஒரு கட்சி, அத்தை அதற்கு நேர் எதிர்க் கட்சி. கூடை மேலே ஏறும்போதே வாயும் ஆரம்பித்துவிடும்.

“உங்காளு போன தபா ஜெயிச்சு இன்னாத்த கிழிச்சான்?”

“உங்காளு கிழிச்சத தெச்சுக்கினு இருக்கான் எங்காளு. புடி ஒழுங்கா, கழுத்து சுளுக்கிக்கப் போவுது!”

வெயில் ஏற ஏறக் குரலும் ஏறும். மேஸ்திரி வந்து அதட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து அவர் மேல் பாய்வார்கள்.

இங்கே மோனிகாதான் எனக்கு அந்த எதிர் ஆள். படுக்கையிலேயே கிடக்கும் முதியவர்களைப் புரட்டிக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். இரண்டு வருடமாக அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அன்று மதியம் துணி அறையில், என் கேள்விக்குத் தனியாகப் பதில் சொன்னாள். வெளிநாட்டுக்காரர்களைக் குறைக்க வேண்டும், திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிற கட்சி! “உன்னைச் சொல்லவில்லை. நீ வேறு” என்றாள். “நான் எப்படி வேறு? அவர்கள் வந்த அதே விமானத்தில்தானே நானும் வந்தேன்?” என்று கத்திவிட்டேன். அதன் பிறகு நோயாளிகளைப் புரட்டும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

எங்கள் பிரிவுத் தலைவி சபீனா இதைக் கவனித்துவிட்டாள். “உங்கள் இருவரையும் வேறு வேறு ஷிஃப்டில் போடட்டுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்” என்றாள். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். மோனிகா போனால் நிம்மதி என்று ஒரு மனசு. அவள் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று இன்னொரு மனசு.

அம்மாவுக்குப் போன் போட்டேன். “மாத்திக்கோடி. உன்ன வாணான்றவ மூஞ்சியில எதுக்கு முழிக்கற?” என்றாள். பக்கத்தில் இருந்த குப்பம்மா அத்தை போனைப் பிடுங்கினாள். “உங்கம்மா பேச்ச கேக்காத. வாய மூடிக்கினு ஓடிட்டா அவ சொன்னது சரின்னு ஆயிடும்.” “நீ அப்பிடித்தான் சொல்லுவ, உங்க கட்சி புத்தி அது.” “கட்சிய எதுக்குடி இழுக்கற?” அவ்வளவுதான். நான் ஒருத்தி லைனில் இருப்பதையே மறந்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணும் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. எங்கள் இருவருக்கும் காலை ஷிஃப்ட். மாலைக்கு வர வேண்டியவள் காய்ச்சல் என்று சொல்லிவிட, மோனிகாவை இருக்கச் சொன்னார்கள். வேலை முடிந்து போய் ஓட்டுப் போடலாம் என்றிருந்தவள், ஆறு மணிக்கு வாக்குச்சாவடியை மூடிவிடுவார்களே என்று மணியைப் பார்ப்பதும் மருந்து வண்டியைத் தள்ளுவதுமாக இருந்தாள். போய் வரட்டுமா என்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இங்கே ஓட்டு கிடையாது. மரக்காணத்துப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, போடுவதற்கு நான் அங்கே இல்லை. இரண்டு ஊர் இருந்தும் ஓர் ஊரிலும் ஓட்டுப் போட முடியாத எனக்கு, ஓட்டு உள்ளவள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பது பொறுக்கவில்லை.

“சபீனா, நான் இருக்கிறேன். அவள் போகட்டும்.”

சபீனா என்னைத் தனியே இழுத்தாள். “அவள் யாருக்குப் போடுவாள் என்று தெரியுமா?”

“தெரியும். ஷிஃப்டையும் மாற்ற வேண்டாம்.”

மோனிகா கோட்டை மாட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். “இதற்காக என் ஓட்டை மாற்ற மாட்டேன்” என்றாள்.

“மாற்றாதே. நாளைக்கு வந்து என்னோடு சண்டை போடு. ஊமையாக மட்டும் இருக்காதே.”

அவள் முகம் சிவந்தது. சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். சைக்கிளை எடுத்தவள், கிளம்பாமல் தயங்கித் தயங்கி நின்றாள். எனக்குத்தான் படபடப்பு. ஜன்னலைத் திறந்து, மரக்காணத்துத் தொண்டையில் கத்தினேன்:

“ஏய், இன்னாடி நின்னுக்கினு கீற? பூத்த மூடிடப் போறானுங்க, ஓடுடி!”

அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, பெடலை வேகமாக மிதித்தாள்.